கடல் லேப்ல இன்டர்ன் பிள்ளைங்கள வச்சுக்கிறது: எங்ககிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம்ங்கற ஊருக்குப் பக்கத்துல ஒரு சின்ன கடலாய்வு லேப்ல வேலை பாக்குறேன். வருஷா வருஷம் பிஎஸ்சி, எம்எஸ்சி பிள்ளைங்க இன்டர்ன்ஷிப்னு வர்றாங்க. புதுசா பிள்ளைங்கள எடுக்கப்போற மத்த லேப் ஆளுங்க, அனுப்பி வைக்கிற காலேஜ் சாருங்க, பெத்தவங்கன்னு எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளத்தான் போன் பண்ணி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுல ஏதாச்சும் ஒண்ணு விட்டுப்போகுது, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன்.

ஒரே நேரத்துல எத்தனை பேர எடுக்கலாம்?

தெனம் ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுக்க உங்க லேப்ல எத்தனை ஆள் இருக்காங்களோ அத்தனை பேர். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள், அதுதான் எங்க கணக்கு. பெஞ்சு எத்தனை இருக்கு, மைக்ராஸ்கோப் எத்தனை இருக்குங்கறதெல்லாம் அப்புறம்.

ஒரு வருஷம் மே மாசம், கேட்ட காலேஜ் எதுக்கும் இல்லன்னு சொல்ல மனசு வராம ஒம்பது பேர எடுத்துட்டோம். நாலு பேர் வேலை செஞ்சா அஞ்சு பேர் சுத்தி நின்னு பாத்தாங்க, ரெண்டாவது வாரத்துல இருந்து பாட்டில் கழுவுறதும் லேபிள் ஒட்டுறதும்தான் பாதிப் பேருக்கு வேலை, கடைசில ஒம்பது ரிப்போர்ட்லயும் முன்னுரை வரிக்கு வரி ஒண்ணா இருந்துச்சு. ஊருக்குக் கெளம்புற அன்னைக்கு ஒரு பையன் வந்து, "சார், நான் மைக்ராஸ்கோப்ப ஒரு தடவகூட ஃபோகஸ் பண்ணிப் பாக்கல"ன்னு சொன்னான். குறை சொல்ற மாதிரிகூட சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னான். ரெண்டு மாசம் அந்தப் பிள்ளை இங்க இருந்திருக்கான், அவன் வீட்டுல காசு செலவழிச்சு அனுப்பியிருக்காங்க, எங்க யாருக்கும் அது தெரியவே இல்ல. அது முழுக்க எங்க தப்பு. அதுக்கப்புறம் மூணு பேருக்கு மேல நாங்க எடுக்கிறதில்ல. இல்லன்னு சொல்றது கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா எடுத்துட்டு கவனிக்காம விடுறது அதவிடப் பெரிய பாவம்.

எந்த மாசம் வரச்சொல்றது நல்லது?

இது காலேஜ் லீவ மட்டும் பாத்து முடிவு பண்ற விஷயம் இல்ல, காத்தப் பாக்கணும். நம்ம கரைக்கு ரெண்டு கடல் இருக்கு, தெக்க மன்னார் வளைகுடா, வடக்க பாக் விரிகுடா. கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் தெக்குக் கடல் கொந்தளிப்பா இருக்கும், அப்ப வடக்குக் கடல் ஓரளவு அமைதியா கெடக்கும். அக்டோபருக்கு மேல வாடைக் காத்து (வடகிழக்குக் காத்து) வந்துட்டா அப்படியே மாறிரும், வடக்கு கலங்கிப்போயிரும், மழையும் சேந்துக்கும். மண்டபத்துல இருக்கறதுல ஒரு வசதி என்னன்னா ஒரு பக்கம் ஆகலன்னா மறுபக்கம் போயிரலாம், ஆனா பிள்ளையோட தலைப்பு அதுக்குத் தகுந்தாப்ல இருக்கணும். மன்னார் வளைகுடா பவளப்பாறைய வச்சு தலைப்பக் கொடுத்துட்டு ஜூன் மாசம் வரச்சொன்னீங்கன்னா, தண்ணிக்கடியில கை நீட்டுனா கை தெரியாது, பிள்ளை கரையில உக்காந்து கடல பாத்துட்டு இருக்கும்.

இன்னொண்ணு மீன்பிடித் தடைக்காலம். நம்ம கிழக்குக் கரைல ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. சரியா அந்த நேரத்துலதான் காலேஜ்ல லீவு. மீன் எறங்குதளத்துல போயி என்னென்ன மீன் வருது, எவ்வளவு வருதுன்னு கணக்கெடுக்கிற வேலைய மே மாசத்துக்கு வச்சா நாட்டுப்படகு, வல்லத்துல வர்ற மீன் மட்டும்தான் கெடைக்கும். அதுவே ஒரு நல்ல தலைப்புதான், ஆனா தெரிஞ்சு வைக்கணும், வந்தப்புறம் கண்டுபிடிக்கக்கூடாது. எங்கள கேட்டா பிப்ரவரி, மார்ச்தான் ரொம்ப நல்ல நேரம். காலேஜ் சாருங்க ஆறாவது செமஸ்டர் புராஜெக்ட்ட அந்த மாசங்கள்ல வச்சா பிள்ளைங்களுக்குப் பெரிய உதவி.

எத்தனை நாள் இருக்கணும்?

ஆறு வாரத்துக்குக் கொறைஞ்சா அது இன்டர்ன்ஷிப் இல்ல. பைப்பெட் புடிக்க, தராசு பாக்க, போட்ல குமட்டாம உக்காரப் பழகவே மொத வாரம் ஓடிரும். 15 நாள்தான் முடியும்னு காலேஜ் சொன்னா பயிற்சின்னு பேரு வச்சு அதுக்கேத்த மாதிரி பழக்கி அனுப்புங்க, ஆராய்ச்சின்னு சர்டிஃபிகேட் கொடுக்காதீங்க.

என்ன வேலை கொடுக்கலாம்? எங்க புராஜெக்ட்ல ஒரு துண்ட கொடுத்தா போதுமா?

துண்டு கொடுக்கலாம், ஆனா அந்தத் துண்டுக்கு தலையும் வாலும் இருக்கணும். பிள்ளை தானா ஒரு கேள்வி கேட்டு, தானா அளந்து, தானா ஒரு பதில் சொல்லிட்டுப் போகணும். பதில் சின்னதா இருக்கட்டும், பரவால்ல.

நாங்க அடிக்கடி கொடுக்கிறது கடல்புல் இருக்கிற எடத்துல 24 மணி நேரமும் தண்ணில கரைஞ்ச ஆக்சிஜன அளக்கறது. மீட்டர் இருந்தாலும் மொத தடவ விங்க்லர் முறைலதான் செய்யச் சொல்வோம். பாட்டில்ல ஒரு குமிழிகூட இல்லாம தண்ணி புடிக்கணும், அங்கேயே போட்லயே மாங்கனீசு கரைசலும் கார அயோடைடும் விட்டு மூடி ஆட்டணும், தவிட்டு நெறத்துல படியும், அப்புறம் லேப்ல அமிலம் விட்டுக் கரைச்சு, தயோசல்ஃபேட் சொட்டு சொட்டா விட்டு, ஸ்டார்ச் போட்டதும் வர்ற நீலம் மறையிற எடத்துல நிறுத்தணும். மத்தியானத்துக்கு மேல எடுத்த தண்ணிக்கு நெறைய தயோசல்ஃபேட் ஓடும், விடிகாலை நாலு மணித் தண்ணிக்கு கொஞ்சத்துலயே நின்னுரும். பகல்ல புல்லு வெயில வாங்கி ஆக்சிஜன் விடுது, ராத்திரி எல்லா உயிரும் சேந்து அத மூச்சா இழுக்குது, ப்ளஸ் டூல படிச்ச ஒளிச்சேர்க்கை பியூரெட்ல கண்ணு முன்னாடி ஏறி எறங்குது. ஒரு பிள்ளை போட்ல மருந்து விட மறந்து, சும்மா மூடி லேப்புக்குக் கொண்டாந்து மூணு மணி நேரம் கழிச்சு செஞ்சா, நம்பர் தப்பா வந்துச்சு. ஏன் தப்பா வந்துச்சுன்னு ஒரு நாள் முழுக்க யோசிச்சு அவளே கண்டுபிடிச்சா: பாட்டிலுக்குள்ள இருக்கிற நுண்ணுயிரும் மூச்சு விட்டுட்டேதானே இருக்கும். அந்த ஒரு நாளுக்கு நாங்க எதுவும் சொல்லல, பக்கத்துல மட்டும் இருந்தோம்.

இன்னொரு நல்ல வேலை பாசி வளர்ப்பு. இங்க மூங்கில் தெப்பத்துல கப்பாஃபைக்கஸ்ங்கற கடல்பாசிய வளக்குறது ஒரு சுத்துக்கு 45 நாள் கணக்கு, ரெண்டு மாச இன்டர்ன்ஷிப்புக்கு அளந்து தச்ச மாதிரி இருக்கு. கட்டுறப்ப ஒரு எடை, வாரா வாரம் ஒரு எடை, கூடவே உப்பு, வெப்பம், எது வளர்ச்சிய நிறுத்துதுன்னு பாக்கணும், மீன் கடிச்சுதா, மேல ஒட்டுப்பாசி ஏறுச்சா, கயிறு அறுந்துச்சா. ஆனா ஒண்ணு, அது நம்ம கடல் பாசி இல்ல, வெளிய இருந்து வந்தது, குருசடைத் தீவு பக்கம் பவளத்து மேல படர்ந்தத ஆராய்ச்சியாளருங்க பதிவு பண்ணியிருக்காங்க. அதனால பிஞ்ச துண்ட கடல்ல வீசாம கரைக்குக் கொண்டாரணும்னு மொத நாளே சொல்லிருங்க. நம்ம கடல் பாசியான கஞ்சிப்பாசில செய்ய முடிஞ்சா இன்னும் நல்லது.

சூடை மீன் வயித்துல என்ன இருக்குன்னு பாக்குறது, வத்தத்துல (கடல் உள்வாங்குற நேரத்துல) கரையோரம் சதுரமா ஒரு சட்டத்த வச்சு அதுக்குள்ள இருக்கிற உயிர்கள எண்றது, இதெல்லாம் செலவே இல்லாத வேலை. பவர்பாயின்ட் தயார் பண்றது, ஆபீஸ் எக்செல்ல டைப் அடிக்கிறது, பிஎச்டி ஸ்காலரோட தீசிஸ்ல ஸ்பெல்லிங் பாக்குறது, இந்த மாதிரி வேலைகள இன்டர்னுக்குக் கொடுக்காதீங்க.

பெர்மிஷன் என்னென்ன வேணும்?

கரையில நின்னு தண்ணி எடுக்கறதுக்கும் தீவுக்குப் போறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-ல அறிவிச்சது, 21 தீவு அதுல வருது, 1989-ல உயிர்க்கோளக் காப்பகமும் ஆச்சு. தீவுல எறங்கவும், சுத்தியிருக்கிற பவளப்பாறைல வேலை செய்யவும் வனத்துறை அனுமதி வேணும். ஆராய்ச்சின்னா தலைமை வன உயிரினக் காப்பாளர்கிட்ட எழுத்துல வாங்கணும், அது ஒரு வாரத்துல வர்ற பேப்பர் இல்ல. உங்க புராஜெக்ட் அனுமதில இன்டர்ன் பேரு சேத்திருக்கான்னு பாத்துக்கங்க. "எங்க லேப்புக்கு பெர்மிட் இருக்கே"ன்னு புதுப் பிள்ளைய ஏத்திட்டுப் போறது தப்பு, புடிச்சா அந்தப் பிள்ளைக்குத்தான் வாழ்நாள் முழுக்க கேஸ்.

கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாத்தையும் 2001-லயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட மொத அட்டவணைல சேத்துட்டாங்க, ஆவுளியாவும் (கடல் பசு) அதே அட்டவணைதான், சில சங்கு வகைகளும் உண்டு. செத்துக் கரை ஒதுங்குனதா இருந்தாலும் சரி. ஒரு பிள்ளை கரையில கெடந்த வெள்ளைப் பவளக் கொப்ப வீட்டு ஷோகேஸ்ல வைக்கலாம்னு பைக்குள்ள வச்சிருந்துச்சு, பொட்டி கட்டுறப்ப கூட இருந்த பிள்ளைதான் பாத்துச் சொன்னுச்சு. அதுக்கு அது தப்புன்னே தெரியாது, ஏன்னா நாங்க சொல்லல. இப்ப மொத நாள் காலைலயே ஒவ்வொண்ணையும் படம் காட்டி, தொடக்கூடாதது எது, எடுக்கக்கூடாதது எதுன்னு சொல்லி ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிக்கிறோம்.

ட்ரோன் கொண்டாந்து வீடியோ எடுக்கலாமான்னு பசங்க கேப்பாங்க. உச்சிப்புளில கடற்படை விமானத்தளம் இருக்கு, மண்டபத்துல கடலோரக் காவல்படை இருக்கு, எல்லைக் கடல் இது. வேண்டாம்.

வெளிநாட்டு மாணவர் வந்தா?

அவங்க நம்ம உயிரினத்த ஆராய்ச்சிக்குத் தொடுறதுக்கு முன்னாடி, 2002 பல்லுயிர்ச் சட்டப்படி தேசிய பல்லுயிர் ஆணையத்தோட அனுமதி வாங்கணும். ஆணையம் சென்னையிலதான் இருக்கு. அந்த பேப்பர் கையில வர்ற வரைக்கும் சாம்பிள் எதையும் தொட விடாதீங்க.

போட்ல கூட்டிட்டுப் போறது பாதுகாப்பா? பிள்ளைக்கு நீச்சல் தெரியாதே?

பெத்தவங்க பாதிப் பேர் கேக்குற கேள்வி இது, கேக்குறது நியாயம்தான். லைஃப் ஜாக்கெட் இல்லாம எங்க போட்ல யாரும் ஏறுறதில்ல, நீச்சல் தெரிஞ்சவங்களும்தான், சயின்டிஸ்ட்டும்தான். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு முட்டளவு தண்ணி வேலை தனியா வச்சிருக்கோம், அதனால அதுக்கு மார்க் கொறையாது. கடலுக்குப் போறதா வேண்டாமான்னு கடைசி வார்த்தை போட்டுக்காரர் வார்த்தை. எங்க போட்டுக்கார அண்ணே வானத்தப் பாத்து "இன்னைக்கு வேண்டாம் சார்"னு சொன்னா அதுக்கு மேல பேச்சே இல்ல. ஒரு தடவ ரிப்போர்ட் தேதி நெருங்குதுன்னு ஒரு ஸ்காலர் அவர்கிட்ட வாதாடுனாரு, அண்ணே அசையல, மத்தியானம் அடிச்ச காத்துல கட்டிப்போட்ட வல்லமே ரெண்டு கவுந்துச்சு. பிள்ளைங்ககிட்ட மொத நாளே அவர அறிமுகப்படுத்துறப்ப, இவரு டிரைவர் இல்ல, கடல்ல இவருதான் உங்களுக்கு வாத்தியார்னு சொல்லிருவோம்.

கால்ல செருப்போ ஷூவோ இல்லாம தண்ணில எறங்கக் கூடாது. மணல்ல நடக்குறப்ப காலத் தூக்கி வைக்காம தேச்சுத் தேச்சு நடக்கணும், திருக்கை படுத்திருந்தா அதிர்வு கேட்டு விலகிப் போயிரும், மிதிச்சாத்தான் முள்ளால அடிக்கும். அடிச்சுட்டா பொறுக்குற அளவு சூட்டுல வெந்நீர்ல அந்தக் கால முக்கி வச்சா வலி கொறையும், அப்படியே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு வண்டிய விடணும். முள்ளு ஆழமா ஏறியிருந்தா அங்கயே புடுங்க வேண்டாம். சொறி (ஜெல்லிமீன்) மேல பட்டா மண்ணப் போட்டுத் தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, கடல் தண்ணியாலயே அலசுங்க. செதில் இல்லாம உருண்டையா உப்புற பேத்தை வலைல வந்தா சமைக்கிறேன்னு யாரும் எடுத்துட்டுப் போகாம பாத்துக்கங்க, அந்த விஷம் கொதிக்க வச்சாலும் போகாது. 108 எல்லாருக்கும் தெரியும், கடல்ல ஆபத்துன்னா கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093, இது ரெண்டையும் பிள்ளைங்க போன்ல சேவ் பண்ண வைங்க.

பொம்பளப் பிள்ளைங்க போட்ல போறப்ப ஒரு விஷயம் யாரும் வெளிய பேசுறதில்ல. நாலஞ்சு மணி நேரம் பாத்ரூம் இல்லாம இருக்கணும்னு தண்ணியே குடிக்காம வந்து வெயில்ல மயங்கி விழுந்த பிள்ளை உண்டு. அதனால ரெண்டு மணி நேரத்துக்கு மேல போற டிரிப்ல கரைக்கு ஒரு தடவ வர்ற மாதிரி திட்டம் போடுறோம். மாசவிடாய் நாள்ல வர முடியாதுன்னா காரணம் கேக்கிறதில்ல, "இன்னைக்கு லேப் வேலை பாக்குறேன்"னு சொன்னா போதும்.

லேப்புக்குள்ள?

ஃபார்மலின்தான் எங்களுக்குப் பெரிய கவலை, சாம்பிள் எல்லாம் அதுலதான் கெடக்கும். அது புற்றுநோய் வரவைக்கிற பொருள்னு உலக அளவுல உறுதி பண்ணது, கண்ணு எரியுதேன்னு தொடச்சுட்டு வேலைய தொடர்ற பழக்கம் சீனியர்கிட்ட இருந்துதான் பிள்ளைக்குத் தொத்துது. புகைபோக்கிக்கு அடியிலதான் ஊத்தணும், கையுறை போடணும், சாம்பிள நல்லா அலசிட்டுத்தான் மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டு போகணும். அமிலத்தத்தான் தண்ணில விடணும், தண்ணிய அமிலத்துல விடக்கூடாது. அசிட்டோன் பக்கத்துல அடுப்பு கூடாது. ராத்திரி தனியா யாரும் லேப்ல இருக்கக் கூடாது, இதுக்கு விதிவிலக்கே கெடையாது.

எங்க தங்குவாங்க? பொண்ண நம்பி அனுப்பலாமா?

காலேஜ்ல இருந்து ரெண்டு பொண்ணா சேத்து அனுப்புனா நல்லது. வீடு பாத்துக் கொடுக்கிற பொறுப்ப லேப் ஏத்துக்கணும், பிள்ளையே தெருத்தெருவா அலையக்கூடாது. இங்க மண்டபம், வேதாளை, உச்சிப்புளில தெரிஞ்ச குடும்பங்கள்ல மாடி ரூம் கெடைக்கும், வீட்டுக்கார அம்மாவும் சாப்பாடு கொடுத்துருவாங்க. ராமேஸ்வரத்துல தங்குனா சீசன்ல லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகாது.

இன்டர்ன் வேலைக்காரங்க இல்லியே, அவங்களுக்கு எந்தச் சட்டம்னு சில லேப்ல நெனைக்கிறாங்க. 2013-ல வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சிக்கு வர்றவங்களுக்கும் பொருந்தும், பத்துப் பேர் இருக்கிற எடத்துல உள் புகார்க் குழு இருக்கணும். அந்தக் குழுல யார் யாரு, அவங்க நம்பர் என்னங்கறத பிள்ளைக்கு மொத நாளே கையில கொடுத்துருங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டுனா மட்டும் பத்தாது. அதோட கைடு இல்லாத வேற ஒரு ஆளு பேரும் கொடுங்க, ஏன்னா கைடு மேலயே புகார்னா பிள்ளை யாருகிட்ட போகும்?

பெத்தவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், தெனம் ஒரு தடவ போன் பண்ணுங்க, தப்பில்ல, ஆனா காலைல ஆறுல இருந்து பத்து வரைக்கும் வேண்டாம், கடல்ல இருப்பாங்க. தனுஷ்கோடிப் பக்கம் போனா போன் இலங்கை டவரப் புடிச்சுக்கும், லைன் கெடைக்கலன்னு பதறாதீங்க. பிள்ளைங்க போன்ல ரோமிங்க மொதல்லயே ஆஃப் பண்ணிருங்க.

ஸ்டைபெண்ட் கொடுக்கணுமா? இல்ல பிள்ளைங்ககிட்ட ஃபீஸ் வாங்கலாமா?

முடிஞ்சா கொடுக்கணும், முடியலன்னா பஸ் காசும் மத்தியானச் சாப்பாடுமாவது கொடுக்கணும். கெமிக்கல் செலவுக்குன்னு அரசு விதிப்படி வாங்குற கட்டணம் சில எடத்துல உண்டு, அத முன்கூட்டியே எழுத்துல சொல்லிரணும், வந்தப்புறம் சொல்லக்கூடாது. ஆனா இப்ப இணையத்துல காசு வாங்கிட்டு வீட்டுல இருந்தே "கடல் உயிரியல் இன்டர்ன்ஷிப்"னு சர்டிஃபிகேட் விக்கிறாங்க பாருங்க, அதுக்குக் காசு கட்டிட்டு எங்ககிட்ட வந்த பிள்ளைக்கு பிளாங்டன் (தண்ணில மிதக்குற நுண்ணுயிர்) புடிக்கிற வலைய எந்தப் பக்கம் புடிக்கணும்னு தெரியல. அந்தக் காச வாங்குனவங்க மேல எனக்கு ஆத்திரமா வருது, அது ஒரு நடுத்தரக் குடும்பத்தோட ஒரு மாச மளிகைக் காசு.

இந்த ஊருப் பிள்ளைங்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாமா? இங்கிலீஷ் வராதே?

கொடுக்கணும். மூணு எடத்துல ஒண்ண நாங்க ராமநாதபுரம் கரைப் பிள்ளைக்குன்னே வச்சிருக்கோம். 1947-ல ஆரம்பிச்ச மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு 1971-ல கொச்சிக்குப் போற வரைக்கும் மண்டபம் கேம்ப்தான் தலைமையகம். இவ்வளவு காலமா நம்ம வாசல்ல ஆராய்ச்சி நடக்குது, ஆனா கரையில பொறந்த பிள்ளை எத்தனை பேரு அந்தக் கேட்டுக்குள்ள போயிருக்காங்க, வேலிக்கு வெளிய நின்னுதான் பாத்திருக்காங்க.

பாசி எடுக்கப் போற அம்மாவோட பொண்ணு ஒருத்தி எங்ககிட்ட இருந்தா. மொத வாரம் வாயே தொறக்கல, சென்னைல இருந்து வந்த பிள்ளை இங்கிலீஷ்ல பேசுறதப் பாத்துட்டு ஓரமாவே உக்காந்திருப்பா. ரெண்டாவது வாரம் வத்தத்துல களத்துக்குப் போனோம். எல்லாரும் புத்தகத்தப் பெரட்டிட்டு இருக்கிறப்ப இவ குனிஞ்சு, இது மரிக்கொழுந்து, இது கஞ்சிப்பாசி, இது கட்டக்கோரை, அந்தப் பக்கம் கல்லுல இருக்கிறது பக்கோடான்னு வரிசையா சொல்லிட்டு, மரிக்கொழுந்து இந்தக் கல்லுல போன வருஷம் இன்னும் அடர்த்தியா இருந்துச்சுன்னாளே, எங்க யாருகிட்டயும் அந்தத் தகவல் இல்ல. மரிக்கொழுந்துல இருந்தும் கஞ்சிப்பாசில இருந்தும் அகர் எடுக்கிறாங்க, நம்ம லேப்ல பாக்டீரியா வளக்குற தட்டுல ஊத்துறது அதுதான். அவ அம்மா இடுப்புல பைய கட்டிட்டு மூச்சடக்கி முங்கி எடுத்தது, அவ கையில பெட்ரி தட்டா வந்து நிக்குது, அத அவளுக்குச் சொன்னப்ப அவ மூஞ்சி இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு.

இங்கிலீஷ் ரெண்டு மாசத்துல வேலைக்கு வேண்டிய அளவு வந்துரும். மீனப் பாத்ததும் ஓரா, நகரை, காரல், விளமீன்னு பேரு சொல்ற கண்ணு ரெண்டு மாசத்துல வராது. இன்டர்வியூல தமிழ்ல பதில் சொல்ல விடுங்க.

நோட்டுல எப்படி எழுதச் சொல்றீங்க?

நோட்டு எந்த மொழில வேணும்னாலும் இருக்கட்டும், தமிழ்லயே எழுதலாம், ரிப்போர்ட் அப்புறம் இங்கிலீஷ்ல போட்டுக்கலாம். களத்துல பென்சில்தான், பேனா மை உப்புத்தண்ணில ஓடிரும். தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம், வத்தமா பெருக்கமா, கூட யாரு இருந்தா, எல்லாம் வேணும். தப்பா எழுதுனா ஒரு கோடு அடிச்சு பக்கத்துல சரியானத எழுதணும், ரப்பர் வச்சு அழிக்கக் கூடாது, தாள கிழிக்கக் கூடாது.

எங்ககிட்ட ஒரு நல்ல பையன், ரொம்ப உழைப்பாளி, பாசி எடை நாலாவது வாரம் கொறைஞ்சு போச்சுன்னு பயந்து மூணாவது வாரத்தவிடக் கொஞ்சம் கூட்டி எழுதிட்டான். கிராஃப் அழகா ஏறுச்சு. எங்க ஸ்காலர் அன்னைக்குத் தெப்பத்துல கூட இருந்ததால கண்டுபிடிச்சாரு. திட்டல, உக்கார வச்சுப் பேசுனோம், "கொறைஞ்சா மார்க் போயிரும்னு நெனச்சேன் சார்"னு சொன்னான். அவன் காலேஜ்ல ரெக்கார்ட் நோட்டுல சரியான ரீடிங் வந்தாத்தான் கையெழுத்து, வரலன்னா முன்ன எழுதுனவனப் பாத்து எழுதுன்னு பழக்கியிருக்காங்க, பிள்ளை மேல மட்டும் பழியப் போட்டா எப்படி. அப்புறம் ரெண்டு பேரும் போயி ஏன் எடை கொறைஞ்சுதுன்னு பாத்தா தெப்பத்துல ஒரு ஓரம் முழுக்க ஓரா மேஞ்சிருக்கு. அடி வல ஒரு எடத்துல பிஞ்சிருந்துச்சு. அந்தக் கொறைஞ்ச எடைதான் அவன் ரிப்போர்ட்லயே சிறந்த பக்கம் ஆச்சு. அதனால இப்ப மொத நாளே சொல்லிருவோம், உன் நம்பர் நல்லா வரலன்னா உனக்கு ஒண்ணும் ஆகாது, நம்பர மாத்துனா மட்டும்தான் ஆகும்.

பேப்பர்ல பிள்ளை பேரு வருமா?

வேலைக்கு மூளை கொடுத்திருந்தா, இல்ல டேட்டாவ எடுத்து அதப் புரிஞ்சு எழுதவும் உதவியிருந்தா பேரு வரணும், படிச்சு முடிச்சுட்டு எங்க போயிருந்தாலும் தேடிப்புடிச்சு கேட்டு போடணும். சாம்பிள் மட்டும் எடுத்துக் கொடுத்திருந்தா நன்றில பேரு. இத மொத வாரமே பேசிருங்க. வராத பேர வரும்னு ஆசை காட்டி வேலை வாங்குறது நம்ம தொழில்ல நெறைய நடக்குது, மனசுக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் அது.

சொல்லிக்கொடுக்கிறதெல்லாம் ஸ்காலர் தலைல விழுதே?

விழுது, உண்மைதான். தன் தீசிஸ்ஸே முடியாம இருக்கிற ஆள்கிட்ட ஒரு பிள்ளைய ஒப்படைச்சுட்டு நாம மீட்டிங் போயிட்டா ரெண்டு பேருக்கும் கெடுதல். யாரு விரும்பிக் கேக்குறாங்களோ அவங்ககிட்ட மட்டும் கொடுங்க, அந்த ரெண்டு மாசம் அவங்களுக்கு வேற வேலைய கொறைங்க. வாரத்துல ஒரு நாள் சனிக்கிழமை காலைல எல்லா இன்டர்னும் பத்து நிமிஷம் பேசுறது, கைடு அன்னைக்கு எங்கயும் போகக் கூடாது.

பிள்ளை ஒழுங்கா வரல, எப்பப் பாத்தாலும் போன்லயே இருக்குன்னா?

மொதல்ல கூப்பிட்டுத் தனியா கேளுங்க. பாதிக்கு மேல வேற காரணம் இருக்கும், சாப்பாடு ஒத்துக்கல, வீட்டு ஞாபகம், கொடுத்த வேலை புரியல, புரியலன்னு சொல்ல பயம். ரெண்டு தடவ பேசியும் மாறலன்னா காலேஜுக்குச் சொல்லி மரியாதையா அனுப்பிருங்க, மத்தவங்க முன்னாடி திட்டாதீங்க.

எங்கெல்லாம் அப்ளை பண்ணலாம்?

நம்ம கரையிலயே மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட மண்டல மையம் இருக்கு, 2010-ல கடல் விரால் மீன (கோபியா) இந்தியாவுல மொதல்மொதலா குஞ்சு பொரிக்க வச்சது அங்கதான். பாசி ஆராய்ச்சிக்கு பாவ்நகர் உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தோட கிளையும் மண்டபத்துலயே இருக்கு. தொண்டில அழகப்பா பல்கலைக்கழகத்தோட கடலியல் துறை. இந்தியா முழுக்கன்னா மூணு அறிவியல் அகாதமியும் சேந்து கொடுக்கிற கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப் இருக்கு, ரெண்டு மாசம், ஸ்டைபெண்டோட. அதுக்கு முந்தின வருஷக் கடைசிலயே விண்ணப்பம் கேட்டுருவாங்க, ஏப்ரல்ல தேடாதீங்க.

மெயில் எழுதுறப்ப "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி பேஷனேட்"னு அம்பது பேருக்கு ஒரே மெயில அனுப்புறாங்க, அது பாத்த ஒடனே தெரிஞ்சுரும். அந்த லேப்ல என்ன வேலை நடக்குதுன்னு படிச்சுட்டு, அதுல எனக்கு இது புரியல, இதத் தெரிஞ்சுக்க வர்றேன்னு நாலு வரி எழுதுங்க. நாங்க அந்த நாலு வரியத்தான் பாப்போம், மார்க்க அப்புறம்.

சர்டிஃபிகேட்ல என்ன எழுதணும்?

எல்லாருக்கும் "எக்ஸலன்ட்"னு எழுதுனா அதுக்கு மதிப்பில்ல. என்ன தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும், எந்த முறைய தனியா செய்யத் தெரியும், எத யாராச்சும் கூட இருந்தா செய்வாங்க, இத எழுதுங்க. "விங்க்லர் முறைல ஆக்சிஜன் அளவ தானா செய்வார்"ங்கற ஒரு வரி அடுத்த லேப்ல அந்தப் பிள்ளைக்குக் கதவத் தொறந்துவிடும்.

கெளம்புற அன்னைக்கு என்ன பாக்கணும்?

நோட்டோட அசல் லேப்ல இருக்கணும், முழு நகல் பிள்ளை கையில இருக்கணும். சாம்பிள் பாட்டில் ஒவ்வொண்ணுலயும் உள்ள ஒரு லேபிள் வெளிய ஒரு லேபிள், உள்ள இருக்கிறது பென்சில்ல எழுதுனது. லேப்டாப்ல இருக்கிற டேட்டா, போட்டோ ரெண்டு எடத்துல காப்பி. ரூம் வாடகை பாக்கி, சாவி. பைல பவளம், சங்கு இருக்கான்னு அவங்களே ஒரு தடவ பாத்துக்கணும். போட்டுக்கார அண்ணே வீட்டுக்குப் போயி சொல்லிட்டுத்தான் பஸ் ஏறணும், அன்னைக்கு மத்தியானம் சாப்பாடு அவரு வீட்டுலதான், மூணு வருஷமா அந்த அண்ணி விட்டுக்கொடுக்கிறதே இல்ல.